கீழ் அடுக்கு பேசுது

டிபன் கேரியர் படத்தப் போட்டுட்டாரு. எந்தக் கூட்டம்னாலும் இதே படம்தான், நாலு அடுக்கு, மேல கைப்பிடி, பளபளன்னு எவர்சில்வர், காலையில அரைகுறையாத் தின்னுட்டு ஓடி வந்தவளுக்கு அதப் பாத்தா பசிக்கத்தான் செய்யும். ஜெயசீலன் சார் லேசர் வெளிச்சத்த அதுமேல ஓட்டிக்கிட்டே, "ஒவ்வொரு அடுக்கும் தனக்கு நேர் மேல இருக்கற அடுக்கோடயும் நேர் கீழ இருக்கற அடுக்கோடயும் மட்டும்தான் பேசணும். தாண்டிக் குதிக்கக் கூடாது. அடுக்குன்னா அடுக்கு"ங்காரு. அவரு எங்க கம்பெனி ஆர்க்கிடெக்ட். ஆம்புலன்சுல படுத்திருக்கவரோட நெஞ்சுத் துடிப்ப, அந்த ஈசிஜி கோட்ட, போற வழியிலயே ஆஸ்பத்திரிக்கு அனுப்புத ஒரு பொட்டி செய்யுதோம்; அந்தப் பொட்டியில ஓடுத ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ள நெட்வொர்க் பாகம் எப்பிடி இருக்கணும்னு வரைஞ்சு குடுக்கிறவரு அவரு. அவரு வரைவாரு, நாங்க கட்டணும். அடி அடுக்கு, செல்போன் டவரோட பேசுத ரேடியோ அடுக்கு, அது என் சோலி. அந்தச் சோலியில நான் ஒரு ஓட்டை போட்டிருக்கேன். அத அடைக்கச் சொல்லத்தான் இன்னைக்கு ஏசி அறையில பிஸ்கட்டும் டீயும் வச்சுக் கூட்டம். அடைக்க மாட்டேன். இத இவ்வளவு நேரமா மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருக்கேன், வாய்க்கு வரமாட்டேங்கு. மேசமேல கவுத்தி வச்ச போன் விர்ருன்னு ஒரு சுத்து சுத்துது. மெல்லத் திருப்பிப் பாத்தா மாமா, வீட்டுக்காரரோட அப்பா. எடுக்கதுக்குள்ள நின்னு போச்சு. என்னத்துக்குக் கூப்பிடுதாரு இந்த நேரத்துல? அத்தை தென்காசிக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கா, அவ மகன், என் வீட்டுக்காரரு, ஓசூர்ல டூட்டி, மேடவாக்கத்து வீட்டுல மாமா மட்டும்தான். கேஸ் கொண்டாறவன் வந்திருப்பான். இல்லன்னா மீன்காரன் வந்திருப்பான். வேற ஒண்ணும் இருக்காது. இருக்காதுல்லா.

"மேடம், போன்"ங்கான் பக்கத்துல கோகுல், குசுகுசுன்னு. கோகுல் எங்க டீம் லீடு, எனக்கு எளையவன், நல்ல பயதான், கோவமே வராத பய, அதான் எனக்குக் கோவம். இந்தக் கம்பெனியில ஒரு வழக்கம் உண்டு. பொட்டிக்கு எத்தன அடுக்கோ அத்தன டீம், கூட்டத்துலயும் அந்த வரிசையிலதான் உக்காரணும், மேல் அடுக்கு டீம் திரைக்குப் பக்கத்துல, நாங்க கதவுக்குப் பக்கத்துல. எனக்கு ஏதாவது சொல்லணும்னா கோகுல்கிட்ட சொல்லணும், கோகுல் அடுத்த டீம் லீடுகிட்ட சொல்லணும், அவரு அதுக்கு அடுத்தவருகிட்ட, இப்பிடி ஏறி ஏறிப் போகணும். ஜெயசீலன் சாரே வச்ச வழக்கம். "நாம எப்படி வேலை செய்றோமோ அப்படித்தான் நம்ம புரோகிராமும் இருக்கும்"னு பெருமையாச் சொல்லுவாரு. சரியாத்தான் சொன்னாரு மனுசன். நான் சொன்ன சேதி மேல போய்ச் சேரும்போது அது நான் சொன்னதாவே இருக்காது. பொட்டிக்குள்ளயும் இதே எளவுதான். ஆம்புலன்ஸ் ஓடுது, ஒரு டவர விட்டு அடுத்த டவருக்கு மாறுது, மாறுத நேரத்துல கொஞ்சம் தகவல் காத்தோட போயிரும். போனா போகுது, கண்ண மூடித் தெறக்கதுக்குள்ள அடுத்த டவரப் புடிச்சிரலாம், அது அடி அடுக்குக்குத் தெரியும். ஆனா மேல ஒருத்தர் உக்காந்திருக்காரு, அனுப்புனது போய்ச் சேந்துச்சான்னு எண்ணிப் பாக்குத அடுக்கு. கீழ நடக்குதது அவருக்குத் தெரியாது, தெரியக்கூடாதுங்கதுதான் விதி. போய்ச் சேரலியா, அப்ப வழியில நெரிசல், நாம ஒதுங்கி நிப்போம்னு நெனைச்சுக்கிடுவாரு. கொஞ்சம் பொறுப்பாரு. பதில் வரலியா, அதுக்கு ரெண்டு மடங்கு பொறுப்பாரு. பொறவு அதுக்கும் ரெண்டு மடங்கு. இங்க கீழ டவர் கெடச்சு, வழியெல்லாம் காலியாக் கெடக்கு, அய்யா அனுப்புங்கன்னு நான் தொண்ட கிழியக் கத்துனாலும் அவரு காதுல விழாது, ஏன்னா நேராப் பேசக்கூடாது, நடுவுல இருக்க முகவரி அடுக்குக்கு இந்தச் சேதிய வாங்கிக் குடுக்குத சோலி கெடையாது. அங்க ஆஸ்பத்திரித் திரையில கோடு அப்பிடியே நின்னு போகும். நான் என்ன செஞ்சேன், அடியில இருந்து மேல வரைக்கும் ஒரு சின்ன ஓட்டை போட்டேன். அது வழியா ரெண்டே சேதி. டவர் மாறுது, இது நெரிசல் இல்ல. டவர் கெடச்சாச்சு, அனுப்பு. இவ்வளவுதான் நான் செஞ்ச குத்தம். இதுக்குப் பேரு லேயர் வயலேஷனாம், அடுக்கு மீறுத குத்தமாம். அந்த வார்த்தைய அவரு சொல்லும்போது மூக்கச் சுருக்கிக்கிட்டுச் சொல்லுதாரு, அதத்தான் என்னால தாங்க முடியல.

சொல்லுதத முழுசாக் கேளு இசக்கி, ஆத்திரப்படாதன்னு எனக்கு நானே சொல்லிக்கிடுதேன். அவரு சொல்லுததுலயும் ஞாயம் இருக்கு. "இன்னைக்கு இவங்க ஒரு ஓட்டை போட்டாங்க. நாளைக்கு இன்னொருத்தர் போடுவார். அப்புறம் எல்லாம் எல்லாத்தோடயும் பேசும். ஒரு அடுக்கைக் கழட்டி மாத்தணும்னா மொத்தப் பொட்டியையும் பிரிக்கணும்"ங்காரு. நெசந்தான். முன்ன வேலை பாத்த எடத்துல அப்பிடி ஒரு புரோகிராமப் பாத்திருக்கேன், நூல்கண்டு சிக்கு விழுந்த மாதிரி, எங்க இழுத்தாலும் எங்கயோ இறுகும், அழுதே போட்டேன். அடுக்கு வேண்டாம்னு நான் எப்பச் சொன்னேன்? நெனைக்கதுக்கு அடுக்கு வேணும். சொல்லிக் குடுக்கதுக்கு வேணும். ஊரு விட்டு ஊரு ரெண்டு பொட்டி பேசிக்கிடதுக்கு, ஒரே மாதிரி பேசணும்லா, அதுக்கும் வேணும். ஆனா கட்டுத எடத்துல அப்பிடியே செவரு எழுப்பணுமா? கேரியர் எதுக்கு, கொண்டு போறதுக்கு. சோறு தனி, சாம்பார் தனி, கூட்டு தனி, சிந்தாம கொண்டு போகணும், சரி. தட்டுல எடுத்து வச்ச பொறவு எவனாவது மேல் அடுக்க முடிச்சிட்டுத்தான் கீழ் அடுக்கத் தொடுவேன்னு திங்கானா? பெசஞ்சுதானவே திங்கணும்! ஜெயசீலன் சாரும் அப்பிடித்தான் திங்காரு, கேன்டீன்ல பாத்திருக்கேன், ரசத்தையும் மோரையும் சேத்து ஊத்திக் குழப்பி அடிப்பாரு. சாப்பாட்ட விடு. மொத மொத செஞ்ச பொட்டியில அவரு சொன்னபடிதான் கட்டுனோம், ஒவ்வொரு அடுக்கும் தகவலத் தன் எடத்துக்கு ஒரு தடவை காப்பி எடுத்து வச்சுக்கிட்டு அடுத்தவருக்குக் குடுக்கும். காப்பிக்கு மேல காப்பி. பொட்டி சூடாகித் தொட முடியல, பேட்டரி பொசுக்குன்னு போச்சு. அப்ப அவரே சொன்னாரு, தகவல் ஒரே எடத்துல இருக்கட்டும், எல்லா அடுக்கும் அங்கயே வந்து பாத்துக்கிடட்டும்னு. அதுவும் செவர இடிச்சதுதான். அதுக்குப் பேரு ஆப்டிமைசேஷன். அவரு பண்ணுனா ஆப்டிமைசேஷன், நான் பண்ணுனா வயலேஷன். உலகத்துல ஓடுத பெரிய பெரிய சிஸ்டத்தப் பிரிச்சுப் பாக்கட்டும், தகவல் கெடாம வந்துச்சான்னு மேல் அடுக்கு போட வேண்டிய சரிபாக்குத கூட்டல அடியில கெடக்க நெட்வொர்க் கார்டு போட்டுக் குடுக்கும், மேல் அடுக்கு தன் கூட்டல்ல கீழ் அடுக்கோட முகவரியையும் சேத்துத்தான் கூட்டும். பொறந்த அன்னைக்கே செவத்துல ஓட்டையோட பொறந்ததுதான் எல்லாம். படம்தான் சுத்தமா இருக்கு. இத கோகுல்கிட்ட போன வாரம் பூராவும் சொன்னேன். அவன் அத மேல எப்பிடிச் சொன்னான்னா, "இசக்கி மேடத்துக்குச் சில கன்சர்ன்ஸ் இருக்கு"ன்னான். கன்சர்ன்ஸ்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டீ கப்ப எடுத்து எறிஞ்சிருப்பேன்.

மறுபடியும் விர்ருங்குது. மாமாதான். இந்தத் தடவ கொஞ்சம் கூட நேரம் அடிச்சுது. எந்திரிச்சுப் போய்ப் பேசலாம், ஆனா நான் கதவத் தாண்டுன மறு நிமிசம் "சரி, அப்ப எல்லாருக்கும் சம்மதம்"னு முடிச்சிருவாங்க, எனக்குத் தெரியாதா. மாமாவுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. இல்ல, அதெல்லாம் ஒண்ணும் இருக்காது, நேத்துக்கூட கருவாட்டுக் கொழம்புக்குச் சண்ட போட்டாரு. கல்யாணம் ஆகி அம்பாசமுத்திரத்து வீட்டுக்கு நான் போன புதுசுல, மாமனாருகிட்ட மருமவ நேராப் பேசக்கூடாதுங்கது அந்த வீட்டு வழக்கம். அவரு கவர்மென்ட் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவரு, ஊர்ல உள்ள அத்தன பேருகிட்டயும் கத்திக் கத்திப் பேசுனவரு, வீட்டுக்குள்ள எங்கிட்ட மட்டும் ஊமை. அவருக்குக் காப்பி வேணும்னா அத்தைகிட்ட சொல்லுவாரு, அத்தை எங்கிட்ட சொல்லுவா. சீனி போதுமான்னு நான் கேக்கணும்னா அத்தைகிட்ட கேக்கணும், அத்தை போய்க் கேட்டுட்டு வரதுக்குள்ள காப்பி ஆறிப் போகும். அவரு சொல்லுதது எனக்கு அடுப்படியில தெளிவாக் கேக்கும், கேட்டாலும் கேக்காத மாதிரி நிக்கணும். பைத்தியக்காரத்தனம்னு அப்பவே நெனைச்சேன், சொல்லல. ஒரு நாள் முன் ரூம்ல பேப்பர் மடியில கெடக்க, அவரு நாற்காலியில சாஞ்சு கெடக்காரு. சட்ட நனைஞ்சு போச்சு. எடது தோளப் புடிச்சு விட்டுக்கிட்டு இருக்காரு. பாத்ரூம் கதவத் தட்டுதேன், அத்தை தலைக்கு ஊத்திக்கிட்டு இருக்கா, "இருடி, வாரேன்"ங்கா. வீட்டுக்காரருக்குப் போன் அடிச்சா எடுக்கல. நான் நின்னேன், ஒரு மூச்சு விடுத நேரம். பொறவு நேரா அவரு முன்னால போய் நின்னேன். "மாமா, என்னப் பாருங்க. நெஞ்சு வலிக்கா? ஆமாவா இல்லியா?" அந்த நெலமையிலயும் மனுசன் எனக்குப் பொறத்தால எட்டிப் பாக்காரு, அத்தை எங்கன்னு! "அத்தைய விடுங்க. ஆமாவா இல்லியா?" ஆமான்னாரு. எங்கிட்ட அவரு பேசுன மொத வார்த்தை அதான். கையப் புடிச்சுத் தூக்கி ஆட்டோவுல ஏத்திட்டேன். சொந்தக்காரப் பொம்பளைய எல்லாம் பேசத்தான் செஞ்சாளுக, மாமனார் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனவன்னு. பேசிட்டுப் போறாளுக. ஸ்டென்ட் வச்சு ஆளு திரும்பி வந்து அதே நாற்காலியில உக்காந்து, முன்னால நின்ன அத்தையத் தாண்டி அடுப்படியப் பாத்துச் சத்தம் குடுத்தாரு: "ஏளா இசக்கி, கஞ்சியில உப்பு போட்றாத!" அன்னைக்கு அடுப்படியில நின்னு நான் சிரிச்சேனா அழுதேனான்னு இப்பவும் சொல்லத் தெரியல.

அதுக்குப் பொறவு பேச்சு நிக்கல, அது வேற கதை, ஆபீஸ் நேரத்துல போனப் போட்டு ரிமோட் எங்கன்னு கேப்பாரு. இப்பவும் ரிமோட்டாத்தான் இருக்கும். ரிமோட்டுக்கு ரெண்டு தடவ கூப்பிடுவாரா? கூப்பிடுவாரு. கூப்பிடக்கூடியவருதான். ஆனா போன் அடிச்சு நின்னு போனா என்னத்தத் தெரிஞ்சுக்கிட முடியுது, நெஞ்சு வலிக்கும் அதே விர்ருதான், நெத்திலி மீனுக்கும் அதே விர்ருதான். அய்யோ, கவனம் அங்கயே போகுது. ஜெயசீலன் சார் என்னமோ கேக்காரு, என்னப் பாத்து இல்ல, கோகுலப் பாத்து. "உங்க டீமோட ரேடியோ தப்பாச் சொன்னா?"ங்காரு. இதுதான். இந்தக் கேள்விதான் என்னப் படுத்துது, தலையணையில தலைய வச்சாலும் இதுதான் வந்து நிக்கும். நாளைக்கு வேற கம்பெனி ரேடியோ சில்லு வாங்கிப் போடுவாங்க. அது பொய் சொன்னா? நெசமாவே நெரிசல் இருக்கும்போது, இல்ல இல்ல டவர்தான் மாறுதுன்னு சொல்லிட்டா? மேல இருக்க அடுக்கு அத நம்பித் தள்ளிக்கிட்டே இருக்கும், அந்த டவர்ல இருக்க மத்தவன் பேச்சும் சேந்து நாறிப் போகும், அதுல இன்னொரு ஆம்புலன்ஸும் இருக்கும். அப்ப நான் போட்ட ஓட்டைதான் ஒருத்தர் உசுர வாங்கும். அதனாலதான அத அப்பிடிச் செஞ்சேன். ஓட்டை வழியாச் சேதி மட்டும்தான் போகும், கட்டளை போகாது. சொல்லுதது கீழ, முடிவு பண்ணுதது மேல. கீழ இருந்து அனுப்புன்னு சொன்னாலும் மொதல்ல கொஞ்சூண்டு அனுப்பிப் பாத்து, அது சேந்தாத்தான் மேல வேகத்தக் கூட்டும். நம்பிக்கை இல்லன்னா அந்தச் சேதியத் தூக்கிப் போட்டுட்டுப் பழையபடி பொறுத்துக்கிட்டு இருக்கட்டும், யாரு வேண்டாம்னா? அத்தைய வீட்ட விட்டுத் துரத்துனேனா நான்? அவ இன்னும் அதே வீட்டுலதான் அதிகாரம் பண்ணுதா. நான் கேட்டது ஒரு வாய். பேசுதவள நம்புததும் நம்பாததும் அவுகவுக பாடு, வாயவே தைக்காதன்னுதான சொல்லுதேன். இதக் கோகுல் காதுல சொன்னேன், வேகமா, மூச்சு விடாம. அவன் தலைய ஆட்டிட்டு, நிமிந்து, "தவறான தகவல் வர்ற ரிஸ்க் இருக்கு சார்"ன்னான். சவத்துப்பய. பாதியத்தான் கொண்டு போனான்.

"அப்ப முடிவு தெளிவு"ங்காரு ஜெயசீலன் சார். அவரு கெட்ட மனுசன் இல்ல, கத்த மாட்டாரு, யாரையும் மட்டந்தட்ட மாட்டாரு, தான் வரைஞ்சது அழகா இருக்கணும்னு நெனைக்காரு, அவ்வளவுதான். அடுத்த படம் போட்டாரு. சோதனை முடிவு. என் ஓட்டை இல்லாத பொட்டி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பச்சைக் கட்டம், மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே பச்சை. அந்தச் சோதனை எனக்குத் தெரியாதா. ஒவ்வொரு டீமும் தன் அடுக்க மட்டும் சோதிச்சுச்சு, அதுவும் மேசமேல பொட்டிய வச்சு. ஆடாது அசையாது, டவர் மாறாது. நான் சரி, நான் சரி, நான் சரின்னு எல்லாரும் சொல்லியாச்சு. அதே பொட்டியத் தூக்கிட்டு வண்டியில போயி நான் பாத்தேன், அப்பவும் ஒவ்வொரு அடுக்கும் நான் சரின்னுதான் சொல்லுச்சு. அங்கிட்டுத் திரையில மட்டும் கோடு நின்னு போய் நிக்குது. யாருமே தப்புப் பண்ணல, ஆனா காரியம் கெட்டுப் போச்சு, இப்பிடியும் ஒரு கொடுமை உண்டா! அத மேல சொன்னா, "அது சோதனைத் திட்டத்துல இல்லை"ன்னு பதில் எறங்கி வந்துச்சு. செவத்துல மாட்டியிருக்க டிவியில டாக்டர் ரெஹானா பேகம் உக்காந்திருக்காங்க, இந்தப் பொட்டிய மொதல்ல வாங்கப் போற ஆஸ்பத்திரியோட அவசரப் பிரிவு டாக்டர். வந்ததுக்கு வணக்கம் சொன்னாங்க, அதோட எங்க பக்கத்து மைக்க அமத்தியாச்சு. எஞ்சினியர் பேசுதது கஸ்டமர் காதுல விழக்கூடாது, கடைசியில முடிவ மட்டும் மேல் அடுக்கு டீம் சொல்லும். பாவம், அந்தம்மா வாய் அசையுதவனை எல்லாம் மாறி மாறிப் பாத்துக்கிட்டு இருக்காங்க, அவுங்களுக்கும் எனக்கும் நடுவுல இந்த அறையே உக்காந்திருக்கு. "கோகுல், அந்த ஓட்டையை எடுத்துடலாம். உங்க டீம்ல எல்லாருக்கும் சம்மதம்தானே? சம்மதம் இல்லாதவங்க வேற ப்ராஜெக்ட் பாக்கலாம், அதுல தப்பே இல்லை." கோகுல் என்னப் பாக்கான். கண்ணால கெஞ்சுதான், விட்டுருங்க மேடம்னு. போன் மூணாவது தடவையா அடிக்குது. அடிச்சுக்கிட்டே இருக்கு. நிக்க மாட்டேங்குது. மாமா, இருங்க, வாரேன்.

இருங்க, வாரேன்னா நெனைச்சேன்? அய்யோ, அன்னைக்குப் பாத்ரூமுக்குள்ள இருந்து அத்தை சொன்ன பேச்சுல்லா அது. போனக் கையில எடுத்துக்கிட்டு எந்திரிச்சிட்டேன், அதுக்குள்ள அது நின்னு போச்சு; இங்க சொல்ல வேண்டியத மொதல்ல நேராச் சொல்லிட்டு அவருக்கு அடிக்கணும். நாற்காலி கரட்டுன்னு சத்தம் போட்டுச்சு, எல்லாரும் திரும்பிட்டாங்க. மேச நடுவுல இருக்க மைக் பட்டனுக்குக் கதவுப் பக்கத்துல இருந்து கை எட்டாது, நாலு பேரைத் தாண்டிக் குனிஞ்சு அமுக்குனேன், செவப்பு பச்சையாச்சு. "டாக்டர், என் பேரு இசக்கியம்மாள், பொட்டியில அடி அடுக்கு நாந்தான். உங்ககிட்ட நேரா ஒண்ணு கேக்கணும்." கோகுல் மூச்ச இழுத்தது எனக்குக் கேட்டுச்சு. டாக்டர் நிமிந்தாங்க. "அப்பாடா, கேளுங்கம்மா." "ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டு இருக்கும்போது உங்க திரையில கோடு நின்னு போச்சுன்னா என்ன செய்வீங்க?" "என்ன செய்யறதுன்னு தெரியாமத்தாம்மா நிப்பேன்"ன்னாங்க, பட்டுன்னு, இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்த மாதிரி. "நின்னது நெஞ்சா, உங்க நெட்டான்னு எனக்கு யாரு சொல்றா? ஆம்புலன்சுக்குப் போன் போட்டுக் கேக்கறேன். உள்ள இருக்கறவர் ஒருத்தர். அவர் பேஷண்ட்டப் பாப்பாரா, என் போனை எடுப்பாரா?" நான் மைக் பக்கம் இன்னும் குனிஞ்சேன். "எனக்குத் தெரியும் டாக்டர். கோடு நின்னா எதனாலன்னு எனக்கு அந்த நொடியே தெரியும். அத மேல சொல்லக்கூடாதுன்னுதான் இங்க இப்ப முடிவு பண்ணியிருக்கு." "இசக்கி"ன்னாரு ஜெயசீலன் சார், மெதுவா, "இது டெக்னிக்கல் விஷயம், கஸ்டமர் முன்னாடி வேண்டாம்." "அவுங்களுக்குத்தான சார் செய்யுதோம்? உங்க படம் நல்ல படம். வரையதுக்கு அதவிட நல்ல படம் கெடையாது, நானே நாளைக்கு வார புள்ளைகளுக்கு அத வச்சுத்தான் சொல்லிக் குடுப்பேன். ஆனா ஓட்டைய அடைக்க மாட்டேன். அடைக்கணும்னா என்னத் தூக்கிட்டு நீங்க அடைங்க. அடைச்ச பொறவு டாக்டர்கிட்ட நீங்களே நேராச் சொல்லுங்க, கோடு நின்னா நெஞ்சா நெட்டான்னு எங்ககிட்ட கேக்காதீங்க, அது எங்க விதியில இல்லன்னு." டிவியில டாக்டர் கைய மேசமேல வச்சுக்கிட்டு அவரையே பாத்துக்கிட்டு இருக்காங்க. ஜெயசீலன் சார் பழக்க தோசத்துல கோகுலப் பாத்தாரு. கோகுல் தலையக் குனிஞ்சுக்கிட்டான். பொறவு அவரு என்னப் பாத்தே கேள்வி கேட்டாரு, இத்தன வருசத்துல மொதத் தடவையா நடுவுல ஆள் இல்லாம. "அது வழியா என்னென்ன சேதி போகுது?" "ரெண்டே ரெண்டுதான் சார்." "முடிவு எது பண்ணுது?" "மேல." மார்க்கர எடுத்து எம்பக்கம் நீட்டுனாரு, வரைஞ்சு காட்டுங்கன்னு. மத்த மூணு டீமையும் தாண்டிப் போர்டுக்குப் போனேன், அவரு டிபன் கேரியர் படத்த மறுபடியும் அதுமேல விழ வச்சாரு, அதோட அடியில மார்க்கர வைக்கேன், கையில இருக்க போன் மறுபடியும் அடிக்குது. யாருகிட்டயும் கேக்கல. அங்கயே நின்னு எடுத்தேன். "மாமா, நெஞ்சு வலிக்கா? ஆமாவா இல்லியா?" "இல்லளா! மீன்காரன் வந்து எம்புட்டு நேரமா நிக்கான், நெத்திலி வாங்கட்டா வேண்டாமான்னு கேக்கத்தான் கூப்பிடுதேன்." போன இன்னொரு காதுக்கு மாத்துனேன், அவரு விடல. "போன எடுக்கதுக்கு என்ன? அங்க என்ன, ஒருத்தரும் பேசாம இருக்கீய?" "இப்பதான் மாமா ஒருத்தி சத்தம் போட்டா." "யாரு?" "நாந்தான்." "யார்கிட்ட?" "மேல இருக்கவங்ககிட்ட." "அப்ப போன வையி தாயி. போட வேண்டிய சத்தத்தப் போட்டு முடி. நெத்திலிய நான் வாங்கி வைக்கேன்."